வீட்டுக்குள் ஒரு பாஷை

பூகோளப் பாடம் என்றால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருவது சகஜந்தான். அதற்கு நாம் ஒரு சிறு மருந்து வைத்திருக்கிறோம். மலை, நதி, மழையளவு இவற்றையெல்லாம் சொல்லுவதற்கு முன்னால், அந்த நாட்டில் வாழும் ஜனங்களைப் பற்றிக் கதைபோலச் சொல்ல ஆரம்பித்துவிடுவது. கதை முடிவதற்குள் மலையும் நதியும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

இவ்வருஷம் எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்காவின் படத்தை மாட்டிய அன்று அஃபார் என்னும் ஜனங்களைப் பற்றிச் சொன்னோம். எத்தியோப்பியா, எரித்ரியா, ஜிபூட்டி ஆகிய மூன்று தேசங்களில் பிரிந்து கிடக்கும் இவர்கள் இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்கள். ஆடும் ஒட்டகமும் மேய்ப்பது இவர்களுடைய பழைய ஜீவனம். இவர்கள் பூமியில் டனாக்கில் என்று ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கும் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்த இடம். வெயிலோ சொல்லி முடியாது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தரையெல்லாம் உப்பு. அந்த உப்பைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, செங்கல் போலச் செதுக்கி, ஒட்டகங்களின்மேல் ஏற்றி மலைநாட்டுச் சந்தைகளுக்கு அனுப்புவது பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் தொழில். ஒரு காலத்தில் எத்தியோப்பியாவில் அந்த உப்புக் கட்டியே காசாகவும் செல்லுபடியாயிற்று. இப்போது லாரிகள் வந்துவிட்டபடியால் ஒட்டக வரிசை சுருங்கிக்கொண்டு வருகிறது. அவாஷ் என்று அங்கே ஒரு நதி. அது கடலைக் காணாமலே ஏரிகளில் போய் முடிந்துவிடுகிறது. இதைக் கேட்ட ஒரு பையன், "நம் திருமணிமுத்தாறு எவ்வளவு அழுக்கைச் சுமந்தாலும் காவிரி வரைக்கும் போய்விடுகிறதே, ஸார்!" என்றான். சேலத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஆற்றின்மேல் இருக்கும் அபிமானம் அவ்வளவுதான்.

அஃபார் ஜனங்களிடம் 'டாகு' என்று ஒரு வழக்கம் உண்டு. வனாந்தரத்தில் இருவர் எதிர்ப்பட்டால், ஒருவரையொருவர் தாண்டிப் போய்விடுவதில்லை. நிழல் பார்த்து உட்கார்ந்து, தாம் கண்டது கேட்டது எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் ஒப்புவிக்க வேண்டும். எங்கே மழை பெய்தது, எங்கே புல் இருக்கிறது, யார் இறந்தார், யாருடைய ஒட்டகம் காணாமற்போயிற்று என்று எல்லாம். கேட்டவர் அதைக் கூட்டாமல் குறைக்காமல் அடுத்தவரிடம் சேர்ப்பது கடமை. பத்திரிகையும் தபாலும் இல்லாத ஒரு தேசத்தில் செய்தி இப்படிக் காலால் நடந்தது. இதைப் பிள்ளைகள் வெகுவாக ரசித்தார்கள்.

அப்போதுதான் மூன்றாவது பெஞ்சியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "அவர்கள் எழுத்து எப்படி இருக்கும், ஸார்?"

அவர்களுக்கென்று பழைய எழுத்துக் கிடையாது என்றும், அரபு எழுத்திலும் எத்தியோப்பிய எழுத்திலும் சிலர் எழுதிப் பார்த்தார்கள் என்றும், 1970-களில் டிமிஸ், ரேடோ என்னும் இரண்டு அஃபார் அறிஞர்கள் ரோமன் எழுத்துக்களைக் கொண்டு ஒரு முறை வகுத்தார்கள் என்றும் சொன்னோம். அந்த முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலீஷ்காரர் 'எக்ஸ்' என்று படிக்கும் எழுத்தை அவர்கள் நம்முடைய 'ட'கரம் போல நா மடித்துச் சொல்லும் ஒலிக்கு வைத்துக்கொண்டார்கள். தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் ஒலிக்கு 'க்யூ'வை வைத்தார்கள். ஆகையால் 'அஃபார்' என்ற பெயரையே அவர்கள் 'க்யூ' போட்டுத்தான் தொடங்குவார்கள். வீட்டில் சும்மா கிடந்த பாத்திரங்களைத் தம் சமையலுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

கேள்வி கேட்ட பையன் உட்காரவில்லை. "எங்கள் வீட்டுப் பாஷைக்கு எழுத்து உண்டாம், ஸார். தாத்தா சொல்லுவார். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது" என்றான்.

அவன் பொன்னம்மாப்பேட்டையிலிருந்து வருகிறவன், ஸௌராஷ்டிரப் பையன். ஆப்பிரிக்கா வரையில் போயிருந்த நம்மை ஒரே வார்த்தையில் சேலத்துக்கு இழுத்து வந்துவிட்டான்.

*

சேலத்தில் ஸௌராஷ்டிரர்களை அறியாதவர் இல்லை. பட்டு வேஷ்டி, அங்கவஸ்திரம் என்றால் அவர்கள் பெயர் நினைவுக்கு வராமல் இருக்காது. சேலத்து வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு மணையில் அமருகிறார்கள். ஆனால் அந்தப் பட்டுக்குப் பின்னாலிருக்கும் பாஷையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு நிமிஷம் யோசித்திருப்போம்? நம் தாயார் புடைவை வாங்கப் போகும்போது, கடைக்காரரும் அவர் தம்பியும் நம் எதிரிலேயே 'தீன்', 'சார்' என்று ஏதோ பேசிக்கொள்வார்கள். விலை எத்தனை குறைக்கலாம் என்பதுதான் விஷயம் என்று தாயாருக்குச் சந்தேகம். தீன் என்றால் மூன்று, சார் என்றால் நான்கு என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, அவருக்குப் பேரம் சற்று எளிதாயிற்று! ஸௌராஷ்டிர பாஷையைப் பற்றி நமக்கு நெடுங்காலம் இருந்த ஞானமெல்லாம் இந்த இரண்டு சொற்கள்தாம்.

பையனுடைய தாத்தா நம்மை வரவேற்றபோது தறியிலிருந்தார். குழித்தறி, கால்கள் பள்ளத்துக்குள், கைகள் பாவின்மேல். பாட்டியம்மாள் கூடத்தில் ராட்டினத்தை வைத்துக்கொண்டு ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க, ஸார்" என்று தமிழில் சொன்னவர், அதே மூச்சில் உட்புறம் திரும்பி ஸௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். 'பானி' என்ற ஒரு சொல் மட்டும் நமக்குப் பிடிபட்டது. தண்ணீர் வந்தது. பிறகு காப்பியும் வந்தது.

"பெரியவரே, உங்கள் பாஷையின் எழுத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டோம்.

அவர் தறியை விட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டு, பூஜை அலமாரியைத் திறந்தார். சிறிய மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் ஓரங்கள் பொடியாகிப்போன ஒரு பழைய அச்சுப் புஸ்தகம். அட்டையில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது. வட்டவட்டமான எழுத்துக்கள், தெலுங்கோ என்று முதலில் தோன்றும், கிரந்தமோ என்று பிறகு தோன்றும், இரண்டும் இல்லை என்று கடைசியில் தெரியும். "எங்கள் தகப்பனார் படிப்பார். எனக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரமில்லை. கேட்க எனக்கும் நேரமில்லை. சரஸ்வதி பூஜைக்கு எடுத்துவைத்துப் பூப்போடுவோம்" என்றார் பெரியவர்.

ஒரு பாஷையின் அரிச்சுவடியே அந்த வீட்டில் படிக்கப்படாமல் பூஜிக்கப்படுகிறது. இதைக் கேட்டுச் சிரிப்பதா வருந்துவதா என்று நமக்கு அன்று தெரியவில்லை.

*

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குப் புஸ்தகம் தேட வேண்டியதில்லை. பழைய கல்யாணங்களில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் எதிரெதிராக அமர்ந்து ஒரு சம்பாஷணை நடத்துவார்கள். அதற்குப் 'பௌலாஸ்' என்று பெயர். நீங்கள் யார், எந்த தேசம், எப்படி வந்தீர்கள் என்று ஒருவர் கேட்க, ஸௌராஷ்டிர தேசத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரியில் இருந்து, விஜயநகரத்துக்கு வந்து, அங்கிருந்து மதுரை சேர்ந்தோம் என்று மற்றவர் சொல்லிக்கொண்டு போவார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஒரு சரித்திரப் பாடமே நடந்துவிடும். அஃபார் ஜனங்களின் டாகு நேற்றைய செய்தியைச் சொல்கிறது. பௌலாஸ் பல நூறு வருஷத்துச் செய்தியைச் சொல்கிறது. பெரியவருடைய கல்யாணத்தில் அது முழுவதும் நடந்ததாம். அவர் பிள்ளை கல்யாணத்தில் முஹூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிட்டார்களாம்.

1025-ல் கஜினி முகம்மது ஸோமநாதத்தின்மேல் படையெடுத்ததை ஒட்டித் தங்கள் முன்னோர் வெளியேறினார்கள் என்பது இவர்களுடைய பரம்பரை நம்பிக்கை. மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றி இன்றும் இவர்கள் நெருங்கி வாழ்வதைப் பார்த்தால், பட்டு நெய்பவர்களை நாயக்க மன்னர்கள் எவ்வளவு அருகில் வைத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், கும்பகோணம், தஞ்சை, வாலாஜாப்பேட்டை, சேலம் என்று எங்கே தறி ஓடிற்றோ அங்கெல்லாம் இந்தப் பாஷையும் போய்த் தங்கியது.

பட்டு நெசவாளரின் யாத்திரையைப் பற்றி இதைவிடப் பழைய சாட்சி ஒன்று கல்லில் இருக்கிறது. மாளவ தேசத்து மந்தஸோரில் உள்ள கல்வெட்டு அது. லாட தேசத்திலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று 436-ம் வருஷத்தில் அங்கே சூரியனுக்கு ஒரு கோயில் எழுப்பி, 473-ல் அதைப் புதுப்பித்த விவரத்தை வத்ஸபட்டி என்னும் கவி ஸம்ஸ்கிருதத்தில் பாடி வைத்திருக்கிறார். வந்தவர்களில் சிலர் நெசவை விட்டு வில் வித்தையும் ஜோதிஷமும் பயின்றார்களாம். எத்தனை நகை பூட்டினாலும் பட்டு உடுத்தாமல் ஒரு பெண் தன் காதலனைப் பார்க்கப் போகமாட்டாள் என்ற கருத்தும் அதில் வருகிறது. பாரத தேசத்தின் மிகப் பழைய ஜவுளி விளம்பரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தாரே நம் ஊர் ஸௌராஷ்டிரர்களின் முன்னோர் என்று சிலர் சொல்வதுண்டு. இடையில் பல நூறு வருஷம் இருப்பதால் நாம் அவ்வளவு துணியமாட்டோம். ஆனால் நெசவாளர் கூட்டமாக வந்தார்கள், குடும்பத்தோடு வந்தார்கள், வந்த இடத்தில் கோயில் கட்டினார்கள் என்ற மாதிரி நமக்கு மிகவும் பழக்கமானதாக இருக்கிறது.

பாஷையும் அந்த யாத்திரையைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அடிப்படை வடநாட்டு ஆரிய பாஷை. எண்களும் உறவுச் சொற்களும் குஜராத்தி, மராத்திக்கு நெருங்கினவை. அதன்மேல் தெலுங்கும் கன்னடமும் படிந்திருக்கின்றன. அதற்கும் மேல் தமிழ். வடநாட்டுப் பாஷைகளில் பொதுவாக எகர ஒகரங்களுக்குக் குறில் நெடில் என்ற பேதம் இல்லை. ஸௌராஷ்டிரத்தில் அது உண்டு. தென்னாட்டில் குடியிருந்து பெற்றுக்கொண்ட செல்வம் என்று இதைச் சொல்லலாம்.

சென்ற 2023 ஏப்ரலில் குஜராத்தில் 'ஸௌராஷ்டிர தமிழ் சங்கமம்' நடந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து விசேஷ ரெயில்கள் வேராவல் வரையில் போயின. பெரியவருடைய உறவினர் ஒருவர் போய் ஸோமநாதத்தைத் தரிசித்துவிட்டு வந்தார். "அங்கே இருப்பவர்கள் பேசுவது பாதி புரிந்ததாம். இவர் பேசினதைக் கேட்டுவிட்டு, 'தமிழ் எவ்வளவு நன்றாக இருக்கிறது!' என்றார்களாம்" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். இங்கே இருப்பவர்களுக்கு அவர்கள் வடக்கத்தியார். அங்கே இருப்பவர்களுக்குத் தமிழர். சர்க்கார் கணக்கிலும் இந்த விசித்திரம் உண்டு. ஜனத்தொகைக் கணக்கில் ஸௌராஷ்டிரம் தனியாக நிற்பதில்லை. குஜராத்தியின் கீழ் ஒரு வரியாக வருகிறது. கிரியர்ஸன் துரை தம்முடைய பெரும் பாஷை ஆராய்ச்சியில் 'பட்டுநூலி' என்ற பெயரால் இதைக் குஜராத்தியின் கிளையாகச் சேர்த்துவிட்டுப் போனார். பட்டுநூலி, பட்டுநூல்காரர் என்பவையெல்லாம் அயலார் வைத்த பெயர்கள். அஃபார் ஜனங்களுக்கு டனாக்கில் என்ற பெயரும் அப்படி வைக்கப்பட்டதுதான்.

அந்த வரியில் 2001-ல் 1,85,420 பேர்; 2011-ல் 2,47,702 பேர். அழிந்துவரும் பாஷை என்று பேச வந்த நமக்கு இந்த உயர்வு ஆச்சரியத்தை அளிக்கிறது. பாஷையைச் சொந்தம் கொண்டாடும் ரோஷம் வளர்ந்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம். குழந்தைகள் அதில் சண்டை போட்டுக்கொள்கிறார்களா என்பதை எந்தக் கணக்கெடுப்பாளரும் கேட்பதில்லை.

*

எழுத்தின் கதைக்கு வருவோம்.

தொ. மு. ராமராய் (1852-1913) என்ற பெரியார் ஒருவர் இருந்தார். தம் சமூகத்தின் பாஷைக்கு உரிய எழுத்தைச் சீர்படுத்தி, அச்சில் வார்க்கச் செய்து, அரிச்சுவடியும் இலக்கணமும் வெளியிட்டார். மதுரையில் ஸௌராஷ்டிர சபை 1895-ல் ஏற்பட்டது; அக்காலத்தில் கல்வி, கோயில், பாஷை எல்லாவற்றிலும் இவர்களிடையே ஒரு விழிப்பு உண்டாயிற்று. ஆனால் எழுத்து விஷயத்தில் ஒற்றுமை ஏற்படவில்லை. ராமராயின் எழுத்தே வேண்டும் என்றனர் சிலர். தேவநாகரி எழுதினால் பாரத தேசம் முழுவதற்கும் புரியும் என்றனர் சிலர். எல்லோரும் பள்ளியில் படிப்பது தமிழ், ஆகவே தமிழ் எழுத்தே போதும் என்றனர் பலர். மூன்றிலும் நியாயம் இருந்தது. மூன்று நியாயங்கள் ஒன்றோடொன்று வாதாடிக்கொண்டிருக்கையில் ஒரு தலைமுறை எழுதாமலே வளர்ந்துவிட்டது.

தமிழ் எழுத்தில் எழுதுவதற்கு ஒரு தொல்லை உண்டு. நமக்கு ஒரே ககரம், அவர்களுக்கு நான்கு. அதனால் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று எண்களை ஏற்றி எழுதுகிறார்கள். அது போதாதென்று, ம, ன, ர, ல முதலிய எழுத்துக்களோடு ஹகாரம் மூச்சாகக் கலந்து வரும் ஒலிகள் இந்தப் பாஷையில் இருக்கின்றன. ராமராயின் எழுத்தில் இதற்கென்றே 'ஹாரு' என்று ஒரு குறி உண்டு. எழுத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்ற எழுத்துக்களில் இந்தப் பாஷை இரவல் சட்டை போட்டதுபோல் இருக்கும். இதில் மாத்திரம் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

வெளிநாட்டு வித்வான்கள் இந்தப் பாஷையின்மேல் கொண்ட ஆர்வத்தைப் பார்த்தால் நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. லண்டனில் இந்தியா ஆபீஸ் புஸ்தகசாலையின் தலைவராக இருந்த ராண்டில் 1940-களில் இதன் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதினார். ஜப்பானியரான நோரிஹிகோ உச்சிதா இவர்களுடைய வாய்மொழிக் கதைகளைச் சேகரித்து 1979-ல் வெளியிட்டார். 1990-ல் ஒரு முழு அகராதியே கொண்டுவந்தார். டோக்கியோவில் பிறந்தாலும் சரி, லண்டனில் பிறந்தாலும் சரி, ஸௌராஷ்டிரம் படிக்க வழி உண்டு. சேலத்தில் பிறந்த பிள்ளைக்கு அது இல்லை.

இலக்கியம் இல்லாத பாஷை என்று இதைச் சொல்லிவிட முடியாது. வேங்கடஸூரி ஸ்வாமிகள் ராமாயணத்தை ஸங்கீதமாகவே இதில் பாடியிருக்கிறார். மதுரை நடனகோபால நாயகி ஸ்வாமிகள் (1843-1914) பாடிய கீர்த்தனைகளை இன்றும் பஜனை மடங்களில் கேட்கலாம். தியாகராஜ ஸ்வாமிகளின் பிரதம சீடர்களில் ஒருவரான வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் இவ்வினத்தவர்தாம். அவரும் அவர் வழியினரும் எழுதிக் காத்த ஏடுகள் மதுரை ஸௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. சாகித்திய அகாதெமியும் 2006-ம் ஆண்டுக்கான பாஷா சம்மான் விருதை இந்தப் பாஷைக்கு உழைத்தவர்களுக்கு அளித்தது.

*

இனி நம் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது வரையில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழும் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஸௌராஷ்டிரப் பெண் குழந்தை, கெட்டிக்காரி. ஆனால் எழுதினால் ழகரமும் ளகரமும் இடம் மாறிவிடும். தாயாரை வரவழைத்தோம். "அம்மா, வீட்டில் நீங்கள் வேறு பாஷை பேசுவதால்தான் குழந்தைக்குத் தமிழ் தகராறு செய்கிறது. இனிமேல் வீட்டிலும் தமிழே பேசுங்கள்" என்று மிகவும் ஞானஸ்தராகச் சொன்னோம். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்து வார்த்தையை வேத வார்த்தையாக எடுத்துக்கொண்டு போனார்.

அதே வகுப்பில், தமிழே வீட்டுப் பாஷையாக உள்ள பிள்ளைகளில் பாதிப் பேர் 'வாளைப்பளம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தாயாரை நாம் அழைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு முன் அந்த அம்மாளைக் கடைவீதியில் சந்தித்தோம். பெண் பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். பாட்டி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தோம். காலமாகிவிட்டார் என்றார். கடைசி ஒரு வருஷம் அவருக்கு நினைவு தடுமாறிவிட்டதாம். தமிழ் முழுவதும் மறந்துபோய்த் தம் பாஷை மட்டுமே நின்றதாம். "பேத்தி வந்து பக்கத்தில் உட்காருவாள், ஸார். பாட்டி ஏதேதோ சொல்லுவார். அவளுக்குப் புரியாது. நான் சமையலறையிலிருந்து வந்து வந்து சொல்லிவிட்டுப் போவேன்" என்றார். நம்மைக் குறை சொல்லும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. நாம் சொன்னதால்தான் நிறுத்தினோம் என்பதுகூட அவருக்கு நினைவு இருந்ததோ என்னவோ. நமக்கு நினைவு இருந்தது.

வீட்டுப் பாஷை தமிழைக் கெடுத்துவிடும் என்று அன்று நாம் நினைத்தோமே, அதற்கு ஆதாரம் என்ன? டி. எம். சௌந்தரராஜன் (1922-2013) பாட்டைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்புக் கற்றுக்கொள் என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அவருடைய தாய்மொழி ஸௌராஷ்டிரம். அவர் பெயருக்கு முன் நிற்கும் 'டி' என்பதே 'தொகுளுவ' என்னும் ஸௌராஷ்டிரக் குடும்பப் பெயர். கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் (1920-2000) 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கி, 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். அவரும் வீட்டில் ஸௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவரே. தம் ஜாதியாரின் தறி வாழ்க்கையை 'வேள்வித் தீ' என்று தமிழ் நாவலாக எழுதினார். இவர்கள் இருவருடைய தாயாரையும் ஏதாவது ஒரு வாத்தியார் கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைத்திராது என்பது மட்டும் நிச்சயம்.

தறிக்கும் இந்தப் பாஷைக்கும் உள்ள சம்பந்தத்தையும் பெரியவர் சொன்னார். கைத்தறியில் வீடுதான் தொழிற்சாலை. புருஷன் தறியில், மனைவி ராட்டினத்தில், பிள்ளைகள் சுற்றிலும். காலையிலிருந்து இரவு வரையில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் பேசிக்கொண்டே இருப்பார்கள். நூல் அறுந்தால் ஒரு சொல், சரிகை முறுக்கிக்கொண்டால் ஒரு சொல். பிள்ளைக்குப் பாஷை தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "இப்போது என் பிள்ளை விசைத்தறிக் கூடத்துக்குப் போகிறான். அங்கே இருக்கும் சத்தத்தில் எந்தப் பாஷையும் பேச முடியாது" என்றார்.

அஃபார் ஜனங்களுக்கு எழுத்து வந்து ஐம்பது வருஷந்தான் ஆகிறது. ஆனால் அவர்களுக்குப் பூமி இருக்கிறது. எத்தியோப்பியாவில் அவர்கள் பெயரால் ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே பள்ளியில் பாஷை சொல்லிக்கொடுக்கிறார்கள். 2020-ல் அந்நாட்டு மத்திய அரசு, தன் அலுவல் பாஷைகளில் ஒன்றாக அஃபாரையும் சேர்க்கப்போவதாக அறிவித்தது. ஸௌராஷ்டிரருக்கு எழுத்து இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, கீர்த்தனை இருக்கிறது. பாஷைக்கென்று ஒரு தாலுகாகூட இல்லை. இதை நாம் பெரியவரிடம் சொன்னபோது, அவர் யோசித்துவிட்டு, "உப்பு வெட்டுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பாஷை உண்டா, ஸார்?" என்று மறுபடியும் ஒரு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார்.

*

பையனுக்கு ஓர் அக்காள், கல்லூரியில் படிக்கிறாள். 2008-லேயே ஸௌராஷ்டிர எழுத்து உலகக் கணினி எழுத்துத் தொகுதியாகிய யூனிகோடில் இடம் பெற்றுவிட்டது என்ற விஷயத்தை நாம் சொன்னோம். அவள் உடனே கைப்பேசியில் தேடி எழுத்து வரிசை முழுவதையும் எடுத்துவிட்டாள். பூஜை அலமாரியிலிருந்த அதே வட்டவட்ட எழுத்துக்கள் கண்ணாடியில் பளிச்சென்று நின்றன. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு வகுப்பு நடக்கிறது. நாம் வாத்தியார் அல்ல. கடைசி வரிசை மாணவர். முதல் வாரம் ஒன்பது பிள்ளைகள். இரண்டாம் வாரம் ஐந்து. பரீட்சை சமயத்தில் பையனும் அக்காளும் நாமும் மட்டும்.

சென்ற வாரம் ஹாருக் குறி போட்ட மகரத்துக்கு வந்தோம். பையன் எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டான்; ஆனால் வாயில் வெறும் 'ம' தான் வந்தது. அக்காள் முயன்றாள், 'ம'வும் 'ஹ'வும் தனித்தனியே இரண்டாக வந்தன. நாம் முயன்றதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நலம். கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த பாட்டியம்மாள் ராட்டினத்தை நிறுத்தினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எந்த எழுத்தும் அறியாதவர். தலையைத் திருப்பாமலே அந்த ஒலியை ஒரே மூச்சில், பாலில் நுரை எழுவதுபோல, சொல்லிக் காட்டினார். பையன் திரும்பச் சொன்னான். "இல்லை" என்றார். மறுபடியும் சொன்னான். "இல்லை" என்றார். ராட்டினம் வெகு நேரம் சுற்றவேயில்லை.